மிளகுக் கொடியும் ஏழு பேர்ச்சும்

இலங்கையில் முகாமைத்துவம் படித்தவர்களுக்கு 384 என்ற எண் லேசில் மறக்காது. 1970இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையின் கடைசி வரி அது. ஆராயப்படும் சனத்தொகை பத்து லட்சம் என்றாலும் 384 பேரிடம் கேட்டால் போதும். 2012 குடிசன மதிப்பீட்டில் 484,531 பேர் இருந்த மாத்தளை மாவட்டத்துக்கும் ஏறக்குறைய அதே எண்தான். மாணவர் வினாக்கொத்தைப் போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ‘இடர் ஏற்க நான் தயங்குவதில்லை’, ‘எனக்குத் தன்னம்பிக்கை அதிகம்’ என்ற வசனங்களுக்கு எதிரே ஐந்து கட்டங்கள் இருக்கும். ரத்தோட்டைப் பக்கம் முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருக்கும் பெண் பேனாவை வாங்குவார், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், நடுக்கட்டத்தில் ஒரு புள்ளடி போடுவார். மிளகுக்கொடி ஏறி நிற்கும் மரம் யாருடைய காணியில் நிற்கிறது என்று அந்த வினாக்கொத்து கேட்பதில்லை.

வணிக உபாயம், முயற்சியாண்மை, கூட்டாண்மை சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றும் இன்று பல்கலைக்கழகங்களில் மூன்று பாடங்கள். மூன்றுக்கும் வெவ்வேறு சஞ்சிகைகள், வெவ்வேறு மாநாடுகள், வெவ்வேறு பேராசிரியர்கள். இவற்றில் எழுதப்பட்டவை மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்தை விளங்கிக்கொள்ள எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகள் ஆளின் குணத்தையும் கம்பனியின் புத்தியையும் நன்றாக அளக்கின்றன. காணி, முகவரி, பிரஜாவுரிமை ஆகியவற்றை ‘சூழல்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகின்றன. மலையகத்தைப் பொறுத்தவரை முழுக் கதையும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

மூன்று வாய்க்கால்கள்

உபாயம் பற்றிய பாடம் பெரிய கம்பனிகளைப் பார்த்துப் பிறந்தது. ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962இல் அமெரிக்க நிறுவனங்களின் வரலாற்றை எழுதினார். இகோர் ஆன்சாஃப் 1965இல் அதைத் திட்டமிடல் கலையாக்கினார். மைக்கேல் போர்ட்டர் 1980இல் ஐந்து விசைகளைக் கொண்டு ஒரு தொழில்துறையை அளக்கக் கற்றுக்கொடுத்தார். சமூகப் பொறுப்பின் வழி வேறு. ஹவார்ட் போவன் 1953இல் வணிகருக்குச் சமூகத்தின் மீது கடமை உண்டு என்று ஒரு நூல் எழுத, மில்டன் ஃபிரீட்மன் 1970 செப்டெம்பரில் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் லாபம் ஈட்டுவதே அந்தக் கடமை என்று வாதிட்டார். எட்வர்ட் ஃபிரீமன் 1984இல் பங்குதாரரைத் தாண்டி, தொழிலாளி, வாடிக்கையாளர், ஊர் என அக்கறைக்குரிய எல்லோரையும் கணக்கில் எடுக்கச் சொன்னார். கம்பனியின் பொறுப்புகளைப் படிப்படியாக அடுக்கும் ஆர்ச்சி கரோலின் 1991ஆம் ஆண்டுப் பிரமிட்டை வரையாமல் இன்று பரீட்சையில் சித்தியடைய முடியாது.

முயற்சியாண்மை ஆய்வுதான் நமக்குக் கிட்டியது. ஷும்பீட்டர் முயற்சியாளரைப் பழையதை உடைத்துப் புதியதைப் புகுத்துபவராகக் கண்டார். இஸ்ரேல் கிர்ஸ்னர், பிறர் காணாத விலை வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும் விழிப்புள்ளவராகக் கண்டார். டேவிட் மக்லிலண்ட் சாதனை வேட்கையே பொருளாதார வளர்ச்சியின் வேர் என்று 1961இல் எழுதிவிட்டு, அந்த வேட்கையைப் பயிற்சியால் ஊட்ட முடியுமா என்று பார்க்க ஆந்திராவின் காக்கிநாடாவுக்கே வந்தார். தெற்காசியாவில் முயற்சியாண்மைப் பயிற்சிப் பட்டறை நடக்கும் இடமெல்லாம் காக்கிநாடாவின் நிழல் விழுகிறது. ‘யார் முயற்சியாளர்?’ என்ற கேள்வியே பிழை, அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள் என வில்லியம் கார்ட்னர் 1988இலேயே எழுதிவிட்டார். நம் வினாக்கொத்துகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

இந்த மூன்று வாய்க்கால்களிலும் தண்ணீர் பாய்ச்சிய, தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் உண்டு. சி. கே. பிரகலாத் 1941இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை லொயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைட் பற்றரித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அகமதாபாத் முகாமைத்துவ நிறுவனம் வழியாக ஹார்வார்ட் சென்று 1975இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம். கரி ஹேமலுடன் 1990இல் எழுதிய கட்டுரையில், ஒரு நிறுவனத்தின் பலம் அது விற்கும் பண்டத்தில் அல்ல, அதன் அடியில் இருக்கும் மூலத் திறனில் இருக்கிறது என்றார். உபாயப் பாடத்தையே திருப்பிப்போட்ட கட்டுரை அது. 2004இல் வந்த நூலில் அவர் வருமானப் பிரமிட்டின் அடித்தட்டுக்கு இறங்கினார். ஏழைகளைத் தர்மம் வாங்குபவர்களாகப் பார்க்காதீர்கள், அவர்களும் விலை பார்த்து வாங்கும் நுகர்வோர், தொழில் செய்யத் தெரிந்த முயற்சியாளர்கள் என்பது வாதம். டொக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அந்த நூலின் முக்கிய சாட்சிகளில் ஒன்று. காசு கொடுக்கும் நோயாளியின் பணத்தில் காசில்லாதவருக்குச் சிகிச்சை நடந்தது. அந்தத் தர்மத்தைத் தாங்கி நிறுத்தியது, சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு நிமிடமும் வீணாகாத ஒழுங்கு.

மிச்சிகனிலேயே பிரகலாத்தின் சக பேராசிரியர் அனில் கர்ணானி 2007இல் இந்த வாதத்தைக் கானல்நீர் என்றார். ஏழையிடம் சிறிய பக்கெட்டில் ஷாம்பு விற்றால் கம்பனிக்கு லாபம், ஏழைக்கு என்ன? அவரை நுகர்வோராகப் பார்ப்பதை விட்டுவிட்டு உற்பத்தியாளராகப் பாருங்கள், வேலை கொடுங்கள் என்பது கர்ணானியின் எதிர்வாதம். மாத்தளையிலிருந்து பார்க்கும்போது நான் கர்ணானி பக்கம். ஆனால் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. உற்பத்தி செய்யத் தெரிந்தவருக்கு உற்பத்தி செய்ய இடம் இல்லையென்றால் என்ன செய்வது?

கங்காணி என்ற முயற்சியாளர்

மாத்தளை மலையகத்தின் வடக்கு வாசல். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டுக் கூலிகள் காட்டுப்பாதையில் தெற்கே நடந்து தம்புள்ள வழியாக மாத்தளையை வந்தடைந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களின் தொகை பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். டொனோவன் மொல்ட்ரிச் 1989இல் கோப்பிக் காலத் தொழிலாளர் பற்றி எழுதிய நூல் அந்த வாதத்தின் ஒரு முக்கியமான ஏடு. மாத்தளைக்கு ரயில் வந்த ஆண்டு 1880. அதற்குள் 1869இல் கண்ட இலைநோய் கோப்பியைத் தின்னத் தொடங்கிவிட்டது.

இந்த ஊர்வலத்தை ஊரில் திரட்டி, முன்பணம் கொடுத்து, தோட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் கங்காணி. கிர்ஸ்னரின் வரைவிலக்கணத்தை இவருக்குப் பொருத்திப் பாருங்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துப் பஞ்சத்துக்கும் மாத்தளை மலைச்சரிவின் ஆள்தட்டுப்பாட்டுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை முதலில் கண்டு, அதில் காசு பார்த்தவர் அவர். ஆள் திரட்டல், கடன், மேற்பார்வை, சில இடங்களில் அரிசிக்கடை என ஒரே ஆள் பல வியாபாரம் செய்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் துரையிடமிருந்து அவருக்குக் காசு. நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் பணம் பின்னால் இருந்தது. பாடப்புத்தகம் கேட்கும் இடர் ஏற்பு, வலைப்பின்னல், விழிப்பு எல்லாம் இருந்தன. அந்த வியாபாரத்தின் கச்சாப்பொருள் மனிதரின் கடன். கடன் தீராமல் ஆள் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி இருந்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

முயற்சியாண்மை எப்போதும் நல்லது என்று நம்புபவர்களுக்கு வில்லியம் போமல் 1990இல் எழுதிய கட்டுரை ஒரு மருந்து. முயற்சியாளரின் கெட்டித்தனம் எங்கும் இருக்கும். அது ஆக்கத்துக்குப் போகிறதா, சுரண்டலுக்குப் போகிறதா என்பதை ஆட்டத்தின் விதிகள் தீர்மானிக்கும் என்றார் அவர். இலங்கைக்கு இதைப் பொருத்திப் பார்க்க நமக்கு நல்ல நூல்கள் உண்டு. குமாரி ஜயவர்தனவின் 2000ஆம் ஆண்டு நூல், இலங்கைப் பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் ஆரம்ப முதல் சாராயக் குத்தகையிலிருந்து வந்ததைக் காட்டுகிறது. எஸ். பி. டி. டி சில்வா 1982இல் எழுதிய நூல் இன்னும் கடுமையானது. பெருந்தோட்டத்தை நவீன முதலாளித்துவத்தின் வருகை என்று கொண்டாடுவதை அவர் ஏற்கவில்லை. அதை நடத்தியது வணிக மூலதனம். இயந்திரத்திலும் திறனிலும் முதலிடுவதைவிட மலிவான, அசையமுடியாத உழைப்பை நம்பியது. அதனால்தான் அது சுற்றியிருந்த நாட்டை வளர்க்கவில்லை என்பது அவர் வாதம். இந்த இரண்டு நூல்களையும் முகாமைத்துவ பீடங்களின் வாசிப்புப் பட்டியலில் காண்பது அபூர்வம். பொருளியல் துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் தள்ளிவிட்டார்கள். உபாயப் பாடத்துக்கு வரும் இலங்கை உதாரணங்கள் பெரும்பாலும் கொழும்பு வங்கிகளும் ஆடைக் கம்பனிகளும்தான்.

ஆடைத்துறை பற்றி ஒரு வார்த்தை. ‘குற்றமற்ற ஆடைகள்’ என்ற பொருளில் 2006இல் இத்துறையினர் தொடங்கிய பிரசாரத்தைக் கஞ்சனா ருவன்புர நீண்ட காலம் ஆராய்ந்து 2022இல் நூலாக்கினார். சிறுவர் உழைப்பு இல்லாதது, கட்டிடப் பாதுகாப்பு ஆகியவற்றில் இலங்கை முன்னேறியிருப்பதை ஒப்புக்கொண்டே, வாழ்வதற்குப் போதுமான சம்பளமும் தொழிற்சங்க உரிமையும் எங்கே என்று கேட்கிறார். பொறுப்பு பற்றிய ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். கம்பனி அச்சிட்ட அறிக்கையை வாசித்தவர், ஆலையின் உள்ளேயும் போய்ப் பார்த்திருக்கிறார்.

மிளகின் கணக்கு

இன்றைய மாத்தளையில் முயற்சியாண்மையைப் பார்க்க விரும்புபவர் மிளகிலிருந்து தொடங்குவது நல்லது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில்தான் இருக்கிறது. மிளகு, கொக்கோ, ஏலம், சாதிக்காய், கராம்பு எல்லாம் இந்த மண்ணில் வரும். மிளகு சிறு காணிக்காரரின் பயிர். கிளிரிசீடியா மரத்தில் கொடியை ஏற்றிவிட்டால் தேயிலையைப் போல நாளும் கை கேட்காது.

பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. கதிரிலிருந்து உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம்போல முக்கி எடுத்துக் காயவைத்தால் நிறம் சீராகக் கறுக்கும். இல்லையென்றால் சாம்பலும் கபிலமுமாகக் கலந்து கிடக்கும். டவுன் கடைக்காரர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, ஈரம் என்று விலையில் குறைப்பார். விற்பவரிடம் ஈரமானி இல்லை. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்த சாக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகவும் மனம் வராது. போர்ட்டர் ஐந்து விசைகளில் ஒன்றாக எழுதிய ‘வாங்குபவரின் பேரம் பேசும் பலம்’ அந்தச் சாக்கின் வாயில் நடக்கிறது. ஆகவே உபாயப் பாடம் இங்கே உதவாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகவே உதவும். கொதிநீர் முக்கும் அண்டா, ஈரமானி, பத்துப் பேர் சேர்ந்த ஒரு களஞ்சியம் ஆகிய மூன்றும் பேரத்தின் திசையை மாற்றக்கூடியவை. இதைச் சிறு காணிக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டும் ஆய்வேடு ஒன்று, அச்சில் வரும் பத்துக் கட்டுரைகளைவிடப் பயன்படும்.

கணக்கு முற்றத்தோடு முடியாது. இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000இல் நடைமுறைக்கு வந்தது முதல் நம் மிளகின் பெரிய சந்தை இந்தியா. வெளிநாட்டு மிளகு இலங்கை வழியாகச் சலுகை வரியில் உள்ளே வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் முறையிட, இந்தியா 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. கொழும்பிலும் டில்லியிலும் நடந்த ஆட்டத்தின் அடி உக்குவெலையில் சாக்கு தைத்துக்கொண்டிருப்பவர் மீதும் விழுந்தது. இது போமல் சொன்ன ஆட்ட விதி. இதைத் தன்னம்பிக்கைக் கட்டத்தில் போட்ட புள்ளடி காட்டித்தராது.

தம்புள்ளப் பக்கம் போனால் மிளகின் இடத்தில் பெரிய வெங்காயம். உள்ளூர் அறுவடை சந்தைக்கு வரும் வாரங்களில் இறக்குமதி வரி எவ்வளவு என்பதே விவசாயியின் உபாயம் வெல்லுமா தோற்குமா என்று தீர்மானிக்கிறது. A9 வீதியோரத்து வாசனைத் தோட்டங்கள் வேறொரு வகை. பார்க்கக் காசில்லை, மூலிகைத் தேநீரும் உண்டு, கடைசியில் கடை. கூட்டிவந்த சாரதிக்குத் தரகு. மாத்தளையின் பெயரை உலகுக்குச் சொல்வதில் இந்தத் தோட்டங்களுக்குப் பங்குண்டு. ஆனால் கிலோ கணக்கில் விற்கும் விவசாயிக்கு அந்தச் சிறு போத்தல் விலையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று யாராவது பின்தொடர்ந்து பார்த்தால் நல்ல ஆய்வாகும்.

வேறு விதமாகத் தொழில் கட்டியவரும் இந்த மாவட்டத்தில் இருந்தார். இனா டி சில்வா, கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவோடு சேர்ந்து வேலை செய்த பற்றிக் கலைஞர். 1980களில் குடும்ப ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களைக் கொண்டு பற்றிக், தையல் வேலை, சமையல் என ஒரு நிலையத்தை வளர்த்தார். 2015இல் மறைந்தார். சரஸ் சரஸ்வதி 2001இல் எழுதிய கோட்பாடு இப்படிப்பட்டவர்களை நன்றாக விளக்கும். திட்டம் போட்டு வளம் தேடாமல், கையிலிருப்பதையும் தெரிந்த ஆட்களையும் வைத்துத் தொடங்குவது. ஆனால் இனாவின் கையில் என்ன இருந்தது? மூதாதையர் வீடும் காணியும், பொலிஸ் மாஅதிபராக இருந்த தந்தையின் பெயரும் இருந்தன. அவரது திறமையை இது குறைக்காது. அந்தக் கோட்பாடு தோட்டத்து லயத்தில் எந்த அளவு செல்லும் என்பதை மட்டும் இது காட்டுகிறது.

பொறுப்பு யாருடையது?

சமூகப் பொறுப்புக்கு மாத்தளை மாவட்டம் தரும் புகழ்பெற்ற உதாரணம் கண்டலம ஹோட்டல். முதலில் சீகிரியாவின் அடிவாரத்தில் இடம் காட்டியபோது பாவா அதை ஒதுக்கிவிட்டுக் கண்டலமக் குளக்கரையைத் தேர்ந்தார். 1990களின் தொடக்கத்தில் பிக்குகளும் ஊராரும் சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னர் அது அமெரிக்க லீட் பசுமைச் சான்று பெற்று உலகின் முன்மாதிரி என்று பேர் வாங்கியது. எதிர்ப்பு இல்லாதிருந்தால் இவ்வளவு கவனமாகக் கட்டியிருப்பார்களா என்பது எனக்கு இன்னும் சந்தேகம். ஃபிரீமன் சொன்ன அக்கறைக்குரியோர் அங்கே கேள்விகேட்கக்கூடிய நிலையில் இருந்தார்கள். பாடம் அதில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் நிலைமை வேறு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டுப் பெரும்பாலானவற்றின் முகாமை தனியாரிடம் போனது. மாத்தளை மாவட்டத்து எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி அரசின் கையிலேயே தங்கியது. இந்தியா 2013 கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் பெரிய கம்பனிகள் சராசரி லாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்று எழுதியது. இலங்கையில் அப்படிச் சட்டம் இல்லை. இருந்தாலும் லாபம் காணாத, முதலாளி அரசாகவே உள்ள தோட்டத்தில் 2 வீதம் என்பது பூச்சியத்தின் 2 வீதம்தானே. கரோலின் பிரமிட்டில் தர்மம் உச்சியில், பொருளாதாரம் அடியில். இங்கே அடித்தளமே சம்பளமும் கூரையும். அதைத் தர்மமாகக் கணக்கெழுதும் பழக்கம் தோட்டத்துறையில் நெடுங்காலமாக உண்டு: பிள்ளை மடுவத்துக்குப் பூசிய பெயின்ற் அறிக்கையில் படமாக வரும்; 2024இல் வர்த்தமானியில் 1,350 ரூபாவாக நிர்ணயித்த நாட்சம்பளம் கம்பனிகளின் வாயில் சுமையாக வரும்.

2023 ஆகஸ்டில், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று நாடெங்கும் நினைவுகூரப்பட்ட அதே ஆண்டில், எல்கடுவ ரத்வத்தைத் தோட்டத்தில் இருக்க இடமில்லாத குடும்பத்தார் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் இடித்த காட்சி காணொளியாகப் பரவியது. அமைச்சரும் எம்.பி.க்களும் ஓடினார்கள். முகாமைத்துவ ஆய்வாளர் யாராவது போனதாக நான் வாசிக்கவில்லை. போயிருந்தால் ஒரே இடத்தில் மூன்று பாடத்தையும் பார்த்திருக்கலாம். எந்தக் காணியில் யார் என்ன செய்யலாம் என்ற கம்பனியின் உபாயம், கிடைத்த தகரத்தில் கூரை போட்ட குடும்பத்தின் முயற்சி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு நிழல் கொடுக்கும் பொறுப்பு.

1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை போனதும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கு போட்டதும், 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்ததும் பாடப்புத்தகத்தில் ‘அரசியல் காரணி’ என்ற ஒற்றை வரி. எரிந்த கடைக்காரர் எதில் முதலிடுவார், எதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடக்கூடியதாக வைத்துக்கொள்வார், கட்டிடத்துக்கு ஏன் காசு போடமாட்டார் என்று கேட்டால் உபாயம் பற்றிப் புதிதாக ஏதாவது கிடைக்கும். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆய்வாளரின் நிலைமை

இதையெல்லாம் செய்யாத இளம் விரிவுரையாளரைத் திட்டுவது சுலபம். பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டம் சர்வதேசச் சஞ்சிகைக் கட்டுரைக்குப் புள்ளி தருகிறது; மிளகுக் களஞ்சியம் அமைக்க உதவியதற்கு அவ்வளவு தருவதில்லை. சஞ்சிகை கேட்பது பழகிய மாறிகள், பழகிய மாதிரி, ஆங்கிலம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பேராதனையிலும் இருக்கும் மலையகப் பின்னணி கொண்ட ஆய்வாளர் சொந்த ஊரைப் பற்றி எழுத, அமெரிக்கத் தொழிற்சாலைக்குத் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மைத்ரி ஜெகதீசன் போன்ற மானிடவியலாளர் தோட்டத்துப் பெண்களோடு நெடுநாள் இருந்து எழுதிய நூல் 2019இல் வந்தது. அந்தப் பொறுமை முகாமைத்துவத் துறைக்கு ஆகாது என்று எந்த விதியும் இல்லை. பிரகலாத்தின் அடித்தட்டு நூலும் எண்களைவிட நிறுவனக் கதைகளால் நின்ற நூல்தான்.

தோட்டத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்பவருக்கு ஒரு சின்னக் கணக்கு. 2015க்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி. ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஏழு பேர்ச்சில் வீடும் கழிப்பறையும் கிணறோ தண்ணீர்த் தாங்கியோ போக மிஞ்சுவது கோழிக்கூடு வைக்கும் இடம். வேலியோரத்தில் நாலைந்து கிளிரிசீடியாவில் மிளகு ஏற்றலாம். காணி உறுதி கையில் இருந்தால் வங்கிக்குப் போகலாம். இல்லையென்றால் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வரும் நுண்கடன்காரரிடம் போகவேண்டும். ஒரே குணமுள்ள, ஒரே தன்னம்பிக்கையுள்ள இரண்டு பெண்களில் ஒருத்திக்கு உறுதி இருந்து மற்றவளுக்கு இல்லையென்றால், ஐந்து ஆண்டு கழித்து அவர்களின் தொழில் எங்கே நிற்கும்? இந்த ஒப்பீட்டுக்கு 384 பேர் வேண்டாம். ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவெலை மூன்றிலும் ஒவ்வொரு தோட்டமும் அதை ஒட்டிய ஒவ்வொரு கிராமமும் போதும். கிராமத்தில் மிளகுக்காரருக்குக் காணி உண்டு, தோட்டத்தில் இல்லை. மண்ணும் மழையும் ஒன்று, வாங்கும் கடையும் ஒன்று. ஆய்வுக்கு இதைவிடத் தெளிவான அமைப்பைக் கேட்டு வாங்க முடியாது. வினாக்கொத்தின் முதல் கேள்வியாகக் காணி உறுதி யார் பெயரில் என்று போடவேண்டும், அவ்வளவுதான்.